சண்டைக்கு ஒதுக்கிய நேரம்

"அம்மா, இந்தப் பார்சலுக்கு, அது எங்க போகுதுன்னு தெரியுமா?"

மகள் இப்படிக் கேட்டபோது அவளுக்குப் பள்ளிக்கூடம் போகிற வயதுகூட ஆகவில்லை. தாய் வேலை பார்க்கும் பார்சல் நிறுவனத்தின் கிடங்குக்கு ஒருநாள் கூடவே வந்திருந்தாள். பெட்டிகள் ஒன்றன் பின் ஒன்றாக நகர்ந்து போவதை வெகுநேரம் பார்த்திருந்துவிட்டுத்தான் கேட்டாள்.

"அதுக்கு எதுக்குடி தெரியணும்? வண்டிக்குத் தெரிஞ்சா போதும்" என்றாள் தாய். பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். மகளும் சிரித்தாள். அத்தோடு இருவரும் அந்தக் கேள்வியை மறந்துவிட்டார்கள்.

அந்தத் தாய்க்கு அங்கே வண்டிகளுக்கு வழி போடுகிற வேலை. எந்த வண்டி எந்தத் தெருவில் நுழைந்து எந்தத் தெரு வழியாக வெளியே வர வேண்டும், எந்தப் பெட்டி உள்ளே போக வேண்டும், எது கதவோரம் இருக்க வேண்டும் என்பதெல்லாம் அவள் போடுகிற கோடுதான். கெட்டிக்காரி. வீட்டில் கணவர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினால்கூட, "முதல்ல மருந்துக் கடை, அப்புறம் காய்கறி. அப்பத்தான் திரும்பி வர்றப்ப சிக்னல்ல நிக்க வேண்டாம்" என்பாள். கணவர், "உத்தரவு மேடம்" என்று சொல்லிவிட்டுத் தன் இஷ்டத்துக்குப் போய் வருவார்.

அந்த ஊரில் சிறுநீரகம் பழுதானவர்களுக்கென்று ஒரு சிறிய சங்கம் இருந்தது. சைக்கிள் பழுதுபார்க்கும் கடைக்கு மேலே இரண்டு அறை, கீழே ஒரு பழைய வேன். சங்கத்தின் சொத்து அவ்வளவுதான். ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர் அதை நடத்திவந்தார். வாரத்துக்கு மூன்று தடவை மருத்துவமனைக்குப் போய், இயந்திரத்தோடு கையைப் பிணைத்துக்கொண்டு படுத்து, ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வரவேண்டிய நோயாளிகள் பலர். தாமாகப் போய்வர முடியாதவர்களை வேன் வீடு வீடாகப் போய் ஏற்றிக்கொள்ளும். ஒரு தடவை தவறினால் உடம்பில் நீர் கோத்துக்கொள்ளும். தொடர்ந்து தவறினால் மூச்சு முட்டும். அப்புறம் மருத்துவர் கையிலும் இல்லை.

நர்ஸ் அக்கா பணம் கேட்டு யார் வாசலிலும் நிற்கமாட்டார். "ரத்ததானம் உங்களுக்குத் தெரியும். நான் கேக்கிறது தொழில்தானம்" என்பார். "உங்களுக்குக் கைவந்த வேலை எதுவோ, அதை எங்களுக்கும் கொஞ்சம் செஞ்சு குடுங்க." அப்படித்தான் ஒரு வக்கீல் வந்து வாடகைத் தகராறைத் தீர்த்துவைத்தார். ஒரு குழாய்க்காரர் வந்து கைகழுவும் தொட்டியின் ஒழுகலை நிறுத்தினார். நிறுத்திய பெருமையைச் சொல்ல இன்னும் வந்துகொண்டிருக்கிறார். அந்த வரிசையில் வழி போடுகிறவளும் ஒரு விடுமுறை நாளில் படியேறி வந்தாள்.

வேன் போகிற வழியை ஓட்டுநர் சொல்லச் சொல்ல அவள் வரைபடத்தில் கோடு இழுத்தாள். முடித்ததும் குழந்தை கிறுக்கிய காகிதம் போல இருந்தது.

"என்ன அண்ணே இது, ஒரே பாலத்தை இத்தனை தடவை தாண்டுறீங்க? பாலத்துக்கே உங்களை அடையாளம் தெரியுமே."

"ஒவ்வொருத்தரா சேர்ந்தாங்க மேடம். சேரச் சேர வழியும் நீண்டுகிட்டே போச்சு. நீங்க எப்படி ஓட்டச் சொன்னாலும் ஓட்டுறேன். ஒண்ணே ஒண்ணு மட்டும் பண்ணிக் குடுங்க" என்றார் ஓட்டுநர். "டெய்லரையும் டீச்சரையும் ஒரே நடையில ஏத்தாதீங்க. என் காது ரெண்டும் போச்சு."

சொல்லிவைத்தாற்போல அப்போது கீழே நின்ற வேனிலிருந்து பேச்சு மாடிக்கு ஏறி வந்தது. அன்று சங்கத்தில் மருந்து வாங்கிப் போக இருவரும் வந்திருந்தார்கள். தையல்காரருக்கு ஐம்பதுக்கு மேல் இருக்கும், தனிக்கட்டை. டீச்சர் கணக்குப் பாடம் எடுத்து ஓய்வுபெற்றவர். கணவர் காலமாகி, மகன் தூர தேசத்தில்.

"ஏன் டீச்சர், உங்ககிட்டப் படிச்ச பசங்க எல்லாம் இப்ப என்ன பண்றாங்க?"

"எல்லாரும் நல்லா இருக்காங்க. ஒருத்தன்தான் பாஸ் ஆகலை. டெய்லர் ஆயிட்டான்னு கேள்வி."

"அப்ப அவன் ஒருத்தன்தான் உருப்பட்டிருக்கான்."

"டேப்பைத் தலைகீழாப் பிடிக்கிறவருக்குப் பேச்சைப் பாரு."

"எப்படிப் பிடிச்சாலும் உங்க கோபத்தை அளக்க முடியாது டீச்சர். டேப் பத்தாது."

"கேட்டீங்களா?" என்றார் ஓட்டுநர். "போறப்பவும் இதுதான், வர்றப்பவும் இதுதான். ஒருநாள் சட்டைக் காலர், ஒருநாள் மழை வருமா வராதான்னு. மழைகூட இவங்களுக்குப் பயந்துதான் பெய்யுது."

பார்சல் வேலையில் சேருகிறவர்களுக்கு முதல் நாள் சொல்லித்தருகிற பாடம் ஒன்று உண்டு: கண்ணாடிச் சாமானையும் இரும்புச் சாமானையும் ஒரே அடுக்கில் வைக்கக் கூடாது, உரசுவதைப் பிரித்து வை. அவளும் அப்படித்தான் செய்தாள். ஆற்றுக்கு இந்தப் பக்கத்து வீடுகளுக்கு ஒரு நடை, அந்தப் பக்கத்துக்கு ஒரு நடை. தையல்காரர் முதல் நடையில் போவார், டீச்சர் இரண்டாவதில். மருத்துவமனையில் அவர்களுடைய இயந்திரங்களும் வேறு வேறு வேளைக்கு மாறின. எல்லோரும் முன்னைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். எரிபொருளும் மிச்சமாயிற்று. சங்கத்தின் மாடியறையில் கூட்டம் போட்டு நர்ஸ் அக்கா கைதட்டச் சொன்னார். "இனிமே இவங்க நம்ம பார்சலம்மா" என்றும் சொன்னார். பெயர் ஒட்டிக்கொண்டது. அவளுக்கும் பிடித்துத்தான் இருந்தது.

அதன் பிறகு வேன் அமைதியாக ஓடிற்று.

சில வாரம் கழித்து நர்ஸ் அக்கா போனில் கூப்பிட்டார். "பார்சலம்மா, உன் ஏற்பாட்டுல ஒரு குறையும் இல்ல. ஆனா டெய்லர் சரியா வர்றதில்ல. ஒரு தடவை காய்ச்சல்னார். அடுத்த தடவை அவசரத் துணின்னார். இப்ப ரெண்டு தடவை சேர்ந்தாப்ல வரலை. காலெல்லாம் வீங்கிப்போச்சாம். டாக்டர் என்னைப் பிடிச்சுக் கத்துறார். வண்டி நேரம் அவருக்குத் தோதுப்படலையோ என்னவோ, கொஞ்சம் பாரேன்."

அவள் வரைபடத்தை விரித்துப் பார்த்தாள். தையல்காரரின் வீட்டுக்கு வண்டி போகிற நேரம் நல்ல நேரம்தான். வழியும் குறுக்கு வழிதான். காகிதத்தில் ஒரு பிழையும் தென்படவில்லை. அப்போதுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. இந்த வேனில் அவள் ஒரு தடவைகூட ஏறியதில்லை. மறுநாள் அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள்.

முதல் நடையில் மூன்று பேர் இருந்தார்கள். ஒருவர் ஜன்னலைப் பார்த்தார், ஒருவர் கண்ணை மூடியிருந்தார், ஒருவர் போனைத் தடவிக்கொண்டிருந்தார்.

"எப்பவும் இப்படித்தானா அண்ணே?"

"இப்பெல்லாம் இப்படித்தான் மேடம். பரீட்சை ஹால்ல வண்டி ஓட்டுற மாதிரி இருக்கு. எனக்கே தூக்கம் வருது" என்றார் ஓட்டுநர். பிறகு, குரலைத் தாழ்த்தி, "காது போச்சுன்னு நான்தான் சொன்னேன். என் வாயைத் தைக்கணும்" என்றார்.

தையல் கடையின் முன்னால் வண்டி நின்றது. கடையும் வீடும் ஒன்றேதான்: முன்னால் தையல் இயந்திரம், பின்னால் கட்டில். தையல்காரர் வாசலுக்கு வந்தார். முகம் ஊதியிருந்தது. ஒரு கையால் நிலையைப் பிடித்துக்கொண்டு, "இன்னைக்கு வேண்டாம் தம்பி, போயிட்டு வாங்க. உங்களுக்கு வீண் அலைச்சல்" என்றார்.

ஓட்டுநர் அவள் பக்கம் திரும்பினார். "மேடம், அவரு மரியாதையாப் பேசுறாரு. எனக்குப் பயமா இருக்கு."

அவள் இறங்கிப் போனாள். "வண்டி நேரம் சரிப்படலையா? மாத்தித் தர்றேன். எந்த நேரம்னாலும் சொல்லுங்க."

"ஐயோ, உங்க ஏற்பாட்டுல என்னம்மா குறை? முன்ன மாதிரி சுத்தலே இல்ல. கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள கொண்டுபோய் விட்டுடுறாங்க."

"அப்ப ஏன் வரமாட்டேங்கிறீங்க?"

"அங்க போய்ப் படுத்துக்கிடக்கணும். திரும்பி வந்து இங்க படுத்துக்கிடக்கணும். அதுக்கு நேரா இங்கேயே படுத்துக்கலாமேன்னு தோணுது. வேற ஒண்ணும் இல்லம்மா. நீங்க போங்க, மத்தவங்களுக்கு நேரமாகுது."

அவர் கதவைச் சாத்தவில்லை. அவளைப் பார்த்துப் புன்னகை செய்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார். அவள் திரும்பி வந்து வண்டியில் ஏறிக்கொண்டாள். மற்ற மூவரையும் மருத்துவமனையில் இறக்கிவிட்டு, வேன் ஆற்றைத் தாண்டி இரண்டாவது நடைக்குப் போயிற்று.

அந்த நடையில் முதல் வீடு டீச்சருடையது. கையில் ஒரு துணிப்பையோடு வாசலில் தயாராக நின்றிருந்தார். ஏறி உட்கார்ந்தார். வண்டி ஒரு தெருவைத் தாண்டியது, இரண்டாவதைத் தாண்டியது.

"அந்த டெய்லர் நல்லா இருக்காரா?" என்றார், ஏதோ வானிலையை விசாரிப்பதுபோல.

"அவர் வர்றதில்ல டீச்சர்" என்றார் ஓட்டுநர்.

"வர்றதில்லைன்னா? வேற வண்டியில போறாரா?"

"எதுலயும் போறதில்ல. காலெல்லாம் வீங்கி உக்காந்திருக்கார்."

டீச்சர் பையை மடியிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்தார். "எங்களை யார் பிரிச்சது?"

ஓட்டுநர் இருமினார். "நான்தான் டீச்சர்" என்றாள் அவள். "நீங்க ரெண்டு பேரும் எப்பவும் சண்டை போடுறீங்கன்னு..."

"சண்டை போட்டா பிரிச்சு வச்சிடுவீங்களா? அப்படிப் பார்த்தா எந்த வீட்டுலம்மா புருஷன் பொண்டாட்டி சேர்ந்து இருப்பாங்க? நாங்க புருஷன் பொண்டாட்டி இல்லைங்கிறது வேற விஷயம்." டீச்சருக்கு மூச்சு வாங்கிற்று. "எனக்கு வீட்டுல பேச ஆள் கிடையாது. அவருக்கும் கிடையாது. முதல் நாள் ராத்திரியே யோசிச்சு வச்சுக்குவேன், நாளைக்கு இவரை என்ன கேட்டு மடக்கலாம்னு. அவரும் யோசிச்சுட்டுத்தான் வருவார். இல்லன்னா அப்படி டக்கு டக்குனு பதில் வருமா?"

கடவுள் மனிதர்களை அனுப்பும்போது 'கவனம், உடையும்' என்று மேலே சீட்டு ஒட்டி அனுப்புவதில்லை. கூடவே கொஞ்ச தூரம் போய்த்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

"வண்டியைத் திருப்புங்க அண்ணே" என்றாள் அவள். நர்ஸ் அக்காவுக்குப் போன் போட்டாள். "அக்கா, தப்பு என்னுதுதான். அப்புறம் விவரமாச் சொல்றேன். டீச்சர் கொஞ்சம் தாமதமா வருவாங்க. டெய்லருக்கும் ஒரு மெஷின் பிடிச்சு வைங்க. எப்படியாவது."

"கைதட்டினவ நானும்தானேம்மா" என்றார் நர்ஸ் அக்கா. "நீ அழைச்சுக்கிட்டு வா, நான் டாக்டர் காலைப் பிடிக்கிறேன்."

வேன் மறுபடியும் பாலத்தைத் தாண்டித் தையல் கடையின் முன்னால் வந்து நின்றது.

"இறங்கி வந்து ரெண்டு வார்த்தை சொல்றீங்களா டீச்சர்?" என்று அவள் கீழே இறங்கி நின்று கேட்டாள்.

"நான் எதுக்கு இறங்கணும்? நான் என்ன அவரைத் தாங்குறதுக்கா வந்திருக்கேன்?" என்றார் டீச்சர். ஜன்னல் கண்ணாடியைத் தள்ளினார். அது பாதியிலேயே சிக்கிக்கொண்டது. இரண்டு கையாலும் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தார். ஏதோ மளுக்கென்று முறிந்து, கண்ணாடி முழுசாக உள்வாங்கிக்கொண்டது. பையிலிருந்து ஒரு கம்பளிச் சட்டையை உருவி, அதைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி கழுத்தை வெளியே நீட்டினார்.

"யோவ் டெய்லரே!"

இயந்திரத்தில் தலை கவிழ்ந்திருந்தவர் நிமிர்ந்தார்.

"இந்தச் சட்டையைத் தச்சது யாரு? ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. எனக்குத் தச்சீங்களா, மரத்துல தொங்குற குரங்குக்குத் தச்சீங்களா?"

எதிர்க்கடையில் சாமான் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தையல்காரர் எழுந்தார். நிலையைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். அவர் முகத்தில் ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது.

"டீச்சர், தொழிலைப் பத்திப் பேசாதீங்க. உங்க தோள் ஒரு பக்கம் சரிஞ்சிருக்கு. இத்தனை வருஷம் கரும்பலகையில எழுதி எழுதி ஒரு தோள் ஏறிப்போச்சு. அதுக்கு ஏத்த மாதிரிதான் தச்சிருக்கேன். போட்டுப் பார்த்தீங்களா?"

"போட்டுப் பார்க்காம சொல்வேனா?"

"பொத்தானை மாத்திப் போட்டிருப்பீங்க."

"கணக்கு டீச்சர்கிட்ட வந்து பொத்தானை எண்ணத் தெரியாதுன்னு சொல்றீங்களா?"

"எண்ணத் தெரியும். போடத் தெரியாது."

"அங்க நின்னு பேசினா எனக்குக் காது கேக்கலை. ஆம்பளையா இருந்தா வண்டியில ஏறி வந்து பேசுங்க."

தையல்காரர் ஒரு கணம் டீச்சரைப் பார்த்தார். பிறகு, பக்கத்தில் நின்ற வழி போடுகிறவளைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்றுதான் அவளுக்குத் தோன்றியது. "கடையைப் பூட்டிட்டு வர்றேன். இந்தம்மாவை இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பார்க்காம விடுறதில்ல" என்றார். கழுத்தில் டேப் தொங்க, வீங்கிய காலை மெல்ல மெல்ல எடுத்துவைத்து வந்தார். ஓட்டுநர் ஓடிப்போய்த் தோள்கொடுத்தார்.

மருத்துவமனை வரைக்கும் அந்தச் சட்டையின் கையைப் பற்றியே பேச்சு. இரண்டு தடவை ஓட்டுநர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தூசி என்றார். அன்று இயந்திரம் தையல்காரரின் உடம்பிலிருந்து எடுத்த நீரைப் பார்த்துவிட்டு மருத்துவர், "இன்னும் ஒரு நாள் விட்டிருந்தீங்கன்னா என்கிட்ட வந்து பிரயோஜனம் இல்ல" என்றாராம்.

அந்த வாரமே அவள் வரைபடத்தைப் புதிதாகப் போட்டாள். ஆற்றின் இந்தப் பக்கத்து வீடு ஒன்றும் அந்தப் பக்கத்து வீடு ஒன்றும் மறுபடி ஒரே நடையில் வந்தன. பாலத்தை ஒரு தடவை கூடுதலாகத் தாண்டவேண்டி வந்தது. மற்றவர்களின் நேரம் கெடாதபடி கோடுகளை வளைத்து நெளித்துப் பார்த்தாள். அது நேர்க்கோடு போடுவதைவிடக் கடினமான வேலையாக இருந்தது. தையல் கடை வாசலில் வண்டி கொஞ்ச நேரம் நிற்பதற்கும் இடம் விட்டாள். அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்து, "இங்க எதுக்கு வண்டி சும்மா நிக்குது?" என்று கேட்டார்.

"சும்மா நிக்கலை சார். அங்க சண்டை நடக்கும்."

அவர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார். சங்கத்தில் இந்தத் தடவை யாரும் கைதட்டவில்லை. நர்ஸ் அக்கா மட்டும் அவள் கன்னத்தைத் தட்டினார்.

புது ஏற்பாட்டில் தையல்காரருக்கு ஒரு குறை இருந்தது. அவருடைய இயந்திரம் முன்னதாக முடிந்துவிடும், டீச்சருடையது பிறகுதான் முடியும். ஒரே வண்டியில் திரும்ப வேண்டியிருந்ததால் அவர் கீழே வேனில் உட்கார்ந்து காத்திருக்க வேண்டும். "இந்தம்மாவுக்கு மெஷின்லயும் நிதானம்தான்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் புலம்பினார்.

டீச்சருக்கு வேறொரு குறை. அன்று முறிந்து மூட முடியாமல் போன ஜன்னலுக்கு மாற்றுச் சாமான் வந்து சேரவில்லை. பழைய வேன் என்பதால் எங்கே தேடியும் கிடைக்கவில்லை. குளிர்காலம் தொடங்கிவிட்டது. ஓட்டுநர் ஒட்டிய அட்டை பாலத்துக் காற்றில் பறந்துபோயிற்று. வேறு இடத்தில் உட்காரச் சொன்னால் டீச்சர் கேட்கமாட்டார். "இது என் இடம். இங்கேர்ந்தாதான் அவரோட முழியைப் பார்த்துப் பேச முடியும்" என்பார். பேச்சுக்கு நடுவே இருமுவார்.

"காத்து உள்ள வருதுன்னு சொல்றீங்களே டீச்சர், நீங்க பேசுற பேச்சுக்கு அது வெளியேயே நின்னுடுமே" என்பார் தையல்காரர்.

ஒருநாள் சிகிச்சை முடிந்து அவர் கீழே வந்தபோது, ஓட்டுநர் கதவைத் திறந்து அவரை உட்காரவைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். மருத்துவமனையின் பின்முற்றம் அது. வேறு வண்டி எதுவும் இல்லை. தையல்காரர் அவர் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தம் பையைத் திறந்து, மடித்து வைத்திருந்த ஒரு தடித்த துணியை எடுத்தார். இரட்டைத் துணி. வெளிப்பக்கம் தண்ணீர் இறங்காத கெட்டித் துணி, உட்பக்கம் கன்னம் பட்டால் உறுத்தாத மெத்துத் துணி. வீட்டிலேயே வெட்டி ஓரம் அடித்துக்கொண்டு வந்திருந்தார். ஜன்னலில் வைத்துப் பார்த்தார். எதிர்ப்பக்கத்து இடத்தில் உட்கார்ந்து சண்டை போட்டபடியே கண்ணால் எடுத்த அளவு; ஒரு நூல்கூடப் பிசகவில்லை.

சிகிச்சைக்குக் குத்திய இடத்தில் கட்டுப்போட்டிருந்த கையை மடியில் வைத்துக்கொண்டு, மற்றக் கையால் துணியின் மேல் ஓரத்தைக் கூரையின் உள்துணியோடு சேர்த்துத் தைத்தார். சிகிச்சைக்குப் பிறகு வருகிற தலைசுற்றல் இருந்தது. கொஞ்சம் தைப்பார், முன் இருக்கையில் நெற்றியைச் சாய்த்துக்கொள்வார், பிறகு மறுபடி தைப்பார். கீழ் ஓரத்துக்குப் பொத்தான் வைத்தார். வெளியே பார்க்க வேண்டுமென்றாலும், யாரையாவது கூப்பிட்டுக் கத்த வேண்டுமென்றாலும், டீச்சர் அதைக் கழற்றிக்கொள்ளலாம். வீங்கிய விரலாலும் கழற்ற முடிகிற அளவுக்குப் பெரிய பொத்தான்களாகத்தான் தேடி எடுத்துவந்திருந்தார். நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். காற்று வருகிறதா என்று ஓரமெல்லாம் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். வரவில்லை.

காலடிச் சத்தம் கேட்டது. அவர் நகர்ந்து தம் இடத்தில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"என்ன அண்ணே, தூங்கிட்டீங்களா?" என்றார் ஓட்டுநர்.

"தூங்காம என்ன பண்றது? எவ்வளவு நேரம்தான் இந்தம்மாவுக்காகக் காத்துக்கிட்டு இருக்கிறது? போய்க் கூட்டிட்டு வாங்க."

ஓட்டுநர் படியேறிப் போனார். தையல்காரர் விரலிடுக்கில் மறைத்திருந்த ஊசியைச் சட்டைக் காலரின் உட்பக்கத்தில் செருகிக்கொண்டார்.